பூட்டிய சக்கரம்

"யாரும் கிட்ட வராதீங்க. கீறல் கலைஞ்சு போச்சுன்னா அப்புறம் அந்த நெட்டையன், நான் இல்லவே இல்லைம்பான்."

செத்தவன் உடம்பைக் காவல் காக்கிற மாதிரி, செம்மண் பாதையில் விழுந்திருந்த கீறலுக்குப் பக்கத்தில், கையில் கம்போடு நின்றார் கிழவர் முள்வேலி. பின்னால் பாதையோரத்தில் அவர் உட்கார்ந்து காவல் காக்கும் நாற்காலி. ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொரு செருப்பு பாதையின் நடுவே கவிழ்ந்து கிடந்தது.

மலைச் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாள் அது. ஒரு வாரமாக ஏறி இறங்கியவர்களில் நெட்டையன்தான் முதல். அவன் கையில் கோப்பையைக் கொடுக்கப் போகும் நேரத்தில் முள்வேலி போன் போட்டு நிறுத்திவிட்டார்.

பாதையைக் காப்பது அவர் வேலை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சக்கரத்தை உருட்டிக்கொண்டே திரும்புகிறவனுக்குத்தான் ஓட்டத் தெரியும். தெரியாதவன் கடைசி நேரத்தில் பின் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பான். பூட்டிய சக்கரம் மண்ணைக் கலப்பை மாதிரி கிழிக்கும். அடுத்த மழைத் தண்ணீர் அந்தக் கீறல் வழியே இறங்கி, பாதையையே அரித்துக்கொண்டு போய்விடும்.

அப்படிக் கிழித்தவனின் ஓட்ட நேரத்தோடு அபராத நேரத்தையும் கூட்டுவார்கள். சண்டை போட்டு அந்த விதியைக் கொண்டுவந்தவரே இவர்தான். முள்வேலி என்ற பெயரை ஓட்டுகிறவர்கள் வைத்தது அதற்குப் பிறகுதான்.

புகார் என்று வந்தால், ஆளைக் கீறலுக்குப் பக்கத்தில் நிறுத்தித்தான் விசாரிக்க வேண்டும். பந்தயத் தலைவி நெட்டையனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். அவள் முள்வேலியின் மருமகள். இரண்டாவதாக வந்த மீசைக்காரனும் இன்னும் சிலரும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே ஏறி வந்தார்கள்.

"வெயில்ல காஞ்சு கிடக்கீங்க மாமா. முதல்ல தண்ணி குடிங்க."

"தண்ணி கிடக்கட்டும். இவனை விசாரி."

"செருப்பு ஏன் அங்க கிடக்கு?"

"சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன், கழண்டு போச்சு. தடயத்தைக் கலைக்கக் கூடாதுன்னு அப்படியே விட்டுட்டேன். பின்னாடி வந்தவனுங்களைக் கூட ஓரமாத்தான் போகச் சொன்னேன். இப்ப செருப்புக்கா விசாரணை?"

மீசைக்காரன் பல்லைக் காட்டினான். "தடமே விடாம ஓட்டுவாருன்னு பெரிய பேரு. கடைசி நாள்ல வண்டவாளம் தெரிஞ்சுபோச்சு."

நெட்டையன் குனிந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். முள்வேலிக்கு அதுவே எரிச்சலைக் கிளப்பியது. முதல் நாளிலிருந்தே இவனை அவருக்குப் பிடிக்காது. சாயங்காலமானால் இந்த வளைவில் குனிந்து தேடுவார். மற்றவன் எல்லாம் மண்ணைப் பிறாண்டி வைத்திருக்க, இவன் டயர் மட்டும் பூனை நடந்த மாதிரி போயிருக்கும். ஒருத்தன் இவ்வளவு சுத்தமாக இருந்தால் அதில் ஏதோ சூது இருக்கிறது என்பது அவர் கணக்கு. இன்றைக்கு வசமாக மாட்டிக்கொண்டான்.

"இது உன் தடம்தானே?" என்று மருமகள் நெட்டையனைக் கேட்டாள்.

"ஆமா."

"எவனாவது உன்னை இடிச்சானா?"

"இல்ல. முன்னாடி பின்னாடி யாருமே இல்ல."

"பிரேக்ல கோளாறா?"

"நல்லாத்தான் இருக்கு."

"கேட்டியாம்மா? அவன் வாயாலயே சொல்லிட்டான். போடு அபராதத்தை."

மருமகள் குனிந்து பார்த்தாள். "இது வளைவுல இல்லையே மாமா. வளைவைத் தாண்டி வந்த பிறகு, நேர்ப்பாதையிலதானே கிழிச்சிருக்கு. இங்க எதுக்கு பிரேக் பிடிக்கணும்?"

"ஓட்டத் தெரியாதவனுக்கு வளைவு என்ன, நேரு என்ன? மண்ணு இவன் அப்பன் வீட்டுச் சொத்தா, இஷ்டத்துக்குக் கிழிக்க?"

அவள் நெட்டையன் பக்கம் திரும்பினாள். "அபராதம் போட்டா முதலிடம் கைவிட்டுப் போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும்க்கா. போட்டுக்கோங்க. நான் கிளம்பறேன்."

ஜீப்பை நோக்கி நடந்தான். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் முள்வேலிக்கு மனசு ஆறவில்லை. கம்பைக் குறுக்கே நீட்டி மறித்தார்.

"எங்கடா நழுவுற? நீ பாட்டுக்கு நல்லவன் மாதிரி வாங்கிக்கிட்டுப் போயிடுவ. நாளைக்கு எல்லாரும் என்ன பேசுவாங்க? கிழவன் வஞ்சம் வெச்சு ஒரு பையனைக் கெடுத்துட்டான்னு பேசுவாங்க. ஏன் பிரேக் பிடிச்சேன்னு இவங்க அத்தனை பேர் முன்னாடியும் சொல்லிட்டுப் போ."

"வேணாம் ஐயா. விட்டுடுங்க."

"பாரு, எப்படி முழிக்கிறான் பாரு. காலையில இருந்து கண்ணை இமைக்காம இதே நாற்காலியில உட்கார்ந்திருக்கேன்டா. என்கிட்டயே மறைக்கிறியா?"

"சொல்லிடேன்ப்பா," என்றாள் மருமகள். "சொல்லாம விடமாட்டார்."

நெட்டையன் அவளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு நடுப்பாதைக்குப் போய், கவிழ்ந்து கிடந்த செருப்பை எடுத்து வந்து முள்வேலியின் வெறுங்காலுக்கு முன்னால் போட்டான்.

"வளைவு திரும்பினா, பாதைக்குக் குறுக்கே காலை நீட்டித் தூங்கிட்டிருந்தீங்க."