இம்பாலிலிருந்து ஒரு பாட்டில்

அவன் மூடியைத் திறந்ததும் அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“என்னல இது? எலி கிலி செத்துக் கெடக்கா?”

தங்கை சிரித்தாள். அம்மா ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையில் நேற்று வைத்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு இருந்தது. அதன் வாசனை தெருமுனை வரைக்கும் போகும். அதற்காக இந்த வீட்டில் யாரும் என்றைக்கும் ஜன்னலைத் திறந்ததில்லை.

பாட்டிலில் இருந்தது மிளகாய்த் துவையல். சுட்ட மிளகாயும் நொதிக்க வைத்த மீனும் சேர்த்து இடித்தது.

இம்பாலில் அவனோடு வேலை பார்க்கும் லின்தோய் என்ற பெண்ணின் வீட்டில்தான் அதை முதலில் சாப்பிட்டான். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. வெட்கமில்லாமல் மறுசோறு கேட்டான். லின்தோயின் அம்மாவுக்குச் சந்தோஷம் தாளவில்லை. அவன் ஊருக்குக் கிளம்புகிறான் என்றதும், வழியில் கெட்டுவிடாமலிருக்கத் தண்ணீர் படாமல் இடித்து, பாட்டிலில் அடைத்துக் கொடுத்தாள்.

முதலில் துவையலைக் கொடுப்பது. அவர்கள் ருசித்துக்கொண்டிருக்கும்போது, லின்தோயைக் கட்டிக்கொள்ளப் போவதைச் சொல்லிவிடுவது.

தூத்துக்குடி வரைக்கும் ரயிலில் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்தான்.

அப்பா கரண்டி நுனியில் தொட்டார். நாக்கில் வைக்கவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு உதறினார்.

“தூ! இதத் திங்கிறவனெல்லாம் மனுசனால?”

அவர் மீசையில் ஒரு நெத்திலித் தலை ஒட்டிக்கொண்டிருந்தது.

மதுரைக்கு அந்தப் பக்கம் போயிராத நாக்கு. அது ஊர் உலகத்துக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிறது. இவர்களிடம் அனுமதி கேட்கவா இவ்வளவு தூரம் வந்தான்?

சொல்லிவிட வேண்டியதுதான். வாயைத் திறந்தான்.

அம்மா முந்திக்கொண்டாள்.

“யாருய்யா குடுத்தா இத?”

மூன்று பேரும் அவனையே பார்த்தார்கள்.

“கடையில வாங்குனதும்மா.”

அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“அப்பாடா. யாரு வீட்டுலயோ செஞ்சு குடுத்துருக்காவளோன்னு நெனச்சுட்டேன்.”

பாட்டிலை எடுத்துக் குப்பைக் கூடையில் கவிழ்த்தாள். அடியில் ஒட்டியிருந்ததையும் தட்டித் தட்டிக் கொட்டினாள். கண்ணாடி நல்ல கண்ணாடி என்று பாட்டிலை மட்டும் கழுவப் போட்டாள்.

“கடைக்காரன் ஒன்னய நல்லா ஏமாத்திட்டாம்ல” என்றார் அப்பா.

தங்கை சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள்.

அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தது அவன்தான்.