பருத்திப்பட்டு பண்பலை

மைக்கில் அடுத்த பாட்டை அறிவித்துக்கொண்டிருந்த ஃபஹீம், அழைப்பு மணி கேட்டதும் ஹெட்போனை மேஜையில் கழற்றி வைத்துவிட்டுக் கதவருகே வந்தான்.

கதவின் துளை வழியாகப் பார்த்த அவன் மனைவி சபீனா பின்வாங்கினாள். "ஏங்க, மேல் ஊட்டுப் பச்சையப்பன்."

லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் எஃப்.எம். நடத்துவது குற்றம், புகார் கொடுப்பேன் என்று குடியிருப்பின் இணைய மன்றத்தில் ஒரு வாரமாகச் சண்டை போட்டவர். அவர் கத்திக்குத்து வழக்கில் ஜெயிலுக்குப் போனவர் என்று நேற்று யாரோ புனைபெயரில் அதே மன்றத்தில் எழுதியிருந்தார்கள்.

சபீனா அவனை மேஜைப் பக்கம் இழுத்தாள். "தொறக்காதீங்க. கொலைகாரப் பாவி, என்ன வேணா செய்வாரு."

"அவரு யாரையும் குத்தல சபீனா. வாய மூடட்டும்னு நான்தான் பொய்யா எழுதி வுட்டேன்."

"அல்லாவே. அவருக்குத் தெரிஞ்சிட்டா?"

"எப்டித் தெரியும்? நீ மட்டும் வெளிய சொல்லாத."

அவன் சொன்ன அதே வார்த்தைகள் கதவுக்கு வெளியிலும் கேட்டன. ஃபஹீம் மேஜையைப் பார்த்தான். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சபீனா மறுபடி துளையில் கண் வைத்தாள். பச்சையப்பன் கையில் ஒரு சின்ன ரேடியோ இருந்தது. அவருக்குப் பின்னால், ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறந்துகொண்டிருந்தது.