வேறொரு முடிச்சு

பட்டாளத்து ஆட்சியில் ரங்கூன் சிறை வாசலில் சாப்பாடு கொடுக்கலாம், ஆளைப் பார்க்க முடியாது. போன வாரப் பாத்திரம் காலியாகத் திரும்பினால் ஆள் உயிரோடு இருக்கிறான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கொதிக்கும் வெயிலில் காவலன் பாத்திரத்தை நீட்டுகிறான். உள்ளே அடைபட்டிருப்பவன் என் தம்பி. என்னோடு வந்திருக்கும் அவன் மனைவி தின் நூவே, பாத்திரத்தைச் சுற்றிய துணியின் முடிச்சை அவிழ்க்கப் பார்க்கிறாள். தம்பியும் நானும் துறைமுகத்தில் மூட்டை கட்டுகிறவர்கள். அவன் கட்டித் திருப்பி அனுப்பும் எங்கள் முடிச்சு ஒரே இழுப்பில் அவிழும். இதை அவள் பல்லால் கடித்து இழுக்கிறாள். கன்னத்தில் அரைத்துப் பூசிய தனகா மரப்பட்டைச் சாந்து வியர்வையில் வழிகிறது. "நல்லா சாப்பிட்டாரா அண்ணே?" என்று காவலனிடம் கேட்கிறாள். "வழிச்சு நக்கிட்டான். அடுத்த வாட்டி காரத்தைக் கொறச்சுக்க அக்கா" என்கிறான் காவலன். பின்னால் வரிசை தள்ளுகிறது. அவள் என் முகத்தைப் பார்க்கிறாள். இந்த வாரப் பாத்திரத்தை எங்கள் முடிச்சோடு நான் காவலனிடம் நீட்டுகிறேன்.