அம்புக்குறியின் திசை

மாலை வெயில் திரைச்சீலையின் இடுக்கு வழியே கணினித் திரையில் ஒரு கோடாக விழுகிறது. கட்டட வரைபடம் வரையும் அக்கா, நாள்தோறும் செய்வதுபோலத் தன் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுக்க அமர்ந்திருக்கிறாள். திரையின் இடப்பக்கம் கணினி, வலப்பக்கம் நகல், நடுவில் வலம் நோக்கிய அம்புக்குறி. இடப்பக்கத்தில் இல்லாததை வலப்பக்கத்திலும் அழித்து, இரண்டையும் ஒன்றுபோலாக்குவது அந்த மென்பொருளின் வழக்கம். இன்று அது, ‘பள்ளிக்கூடம்’ என்னும் கோப்புறையை நகலிலிருந்து அழிக்கட்டுமா என்று கேட்கிறது. அக்காவின் விரல் மவுஸின்மேல் அப்படியே நிற்கிறது. “ஏன்க்கா முழிக்கிற? எப்பவும் போல சரின்னு தட்டேன்,” என்கிறான் பின்னால் நிற்கும் தம்பி. “காலைல மெஷின் ஸ்லோவா இருக்குன்னு எதைடா அழிச்சுப் போட்ட?” “பழைய குப்பைதான்க்கா.” “நாளைக்குக் கொடுக்க வேண்டிய பள்ளிக்கூட பிளான் உனக்குக் குப்பையா?” தம்பி குனிந்து திரையைப் பார்க்கிறான். அக்கா அந்தக் கோப்புறைக்கு மட்டும் அம்புக்குறியை நகலிலிருந்து கணினிக்கு, இடப்பக்கமாகத் திருப்பி, மெல்ல அழுத்துகிறாள். பச்சைப் பட்டை ஊர்ந்து ஊர்ந்து முனையைத் தொடுகிறது. முதல் வரைபடம் திறக்கிறது. வகுப்பறைகளும் படிக்கட்டும் சன்னல்களும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. “இனிமே வீட்டைக் கூட்டுறதோட உன் சுத்தத்தை நிறுத்திக்கடா,” என்கிறாள், திரும்பிப் பாராமலே.