வெள்ளிக்கிழமை போட்ட ஜெபக்குறிப்பு

“உங்க போனைக் குடுங்க.”

கட்டினவனிடம் அதை மட்டும் கேட்காதே என்று அம்மா சொல்லித்தான் ஷெரினை அனுப்பியிருந்தாள். ஜெபின் அந்தப் போனாலேயே அவள் புருவத்தைக் கிழித்தான்.

“நல்லாப் பாத்துக்கோ. படிச்சவல்லா நீ.” போனை அவள் மடியில் எறிந்துவிட்டுக் கை கழுவப் போனான்.

சபையின் ஜெபச் செயலி திறந்திருந்தது. ‘வழுக்கி விழுந்த என் மனைவி ஷெரினுக்காக ஜெபியுங்கள்.’ படத்தில் அவள் இதே மஞ்சள் நைட்டியில், கிழிந்த புருவத்தோடு இருந்தாள். போட்டது வெள்ளிக்கிழமை. இன்று ஞாயிறு. நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஆமென் சொல்லியிருந்தார்கள். போன மாதம் அவள் கை முறிவதற்கும் இரண்டு நாள் முந்தியே ஒரு குறிப்பு இருந்தது.

ஷெரின் தன் போனில் அதே செயலியைத் திறந்தாள். ‘வழுக்கி விழுந்த என் கணவர் ஜெபினுக்காக ஜெபியுங்கள்’ என்று அடித்து அனுப்பினாள். ஜெபின் தரையில் விழுந்து கிடக்கும் படம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஆமென்கள் ஏறத் தொடங்கின.

“அம்மா வீட்டுக்குப் போறேன். செவ்வாக்கிழமை வாரேன்,” என்றாள். “அதுவரைக்கும் பாத்து நடங்க.”

முகத்தைக்கூடத் துடைக்காமல் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு இறங்கி நடந்தாள்.