துவைக்கிற கல்லோரம் ஒரு செடி

"பிடுங்கி எறிடி அதை! யாராவது பார்த்தா என் வேலையே..."

"செடி மேல கை வச்சுப் பாருங்க, அப்புறம் தெரியும்!"

கம்பெனி குவார்ட்டர்ஸ் கொல்லையில் நல்லசாமியும் தமயந்தியும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். துவைக்கிற கல்லோரம் இடுப்புயரம் நின்றது செடி. கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் அவள்தான். செண்டுமல்லி என்று அவள் சொன்னதை நம்பியிருந்தவர், இன்றுதான் கிட்டே வந்து பார்த்தார்.

"இது கஞ்சாடி!"

"தெரியும்."

"தெரிஞ்சேவா வளர்த்தே? அந்த சிலம்பரசன் கொடுத்த விதைதானே? கான்ட்ராக்ட் பய, கஞ்சா அடிக்கிறவன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! அவனுக்கா நம்ம புவனாவைக் கட்டிக் கொடுக்கச் சொல்றே?"

சன்னலுக்கு உள்ளே மகள் புவனா விசும்புவது கேட்டது. தமயந்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அந்தப் பையன் நம்ம வாசப்படி மிதிச்சதே இல்லை. பிளாக் முழுக்க அவன் பேரைக் கெடுத்துட்டு வந்தது நீங்கதான்."

"அப்போ விதை வானத்துலேருந்து விழுந்துச்சா?"

"சட்டையை ஊற வைக்கிறதுக்கு முன்னாடி பாக்கெட்டை உதறுவேன்ல? மாசி மாசம் அப்படி உதறினப்போதான் இந்தக் கல்லு மேல கொட்டுச்சு. என்ன விதைன்னு தெரிஞ்சுக்கணும்னு முளைக்க விட்டேன்."

"யாரு சட்டை?" அவர் குரல் இறங்கிப்போயிருந்தது.

தமயந்தி கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய ஷிப்ட் யூனிபார்மை உருவி, அவர் தோளிலேயே போட்டாள்.

"சிலம்பரசன் வீட்டுக்கு நீங்களே போய் சம்பந்தம் பேசிட்டு வாங்க. செடியை அப்புறம் பிடுங்கறேன்."