நிற்காத வளர்த்தி

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை மறுபடியும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

படம் மாறிவிட்டதோ என்று போனில் கேட்டார். மாறவில்லை என்றார்கள். இது இரண்டாவது தடவை எடுத்த படம். முதல் படத்திலும் இதே கைதான், இதே எலும்புதான்.

எதிரே அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா தையல்காரி. மகளுக்கு வயது பத்தொன்பது, கல்லூரியில் படிக்கிறாள். அந்த நீளக் கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்காலிக்கு அடியில் மடக்கி வைத்திருந்தாள்.

அம்மாவின் குழப்பம் ஒரு பேன்ட்டில்தான் ஆரம்பித்தது. தன் கையால் அளவெடுத்துத் தைத்த பேன்ட், வருஷம் திரும்புவதற்குள் கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது. துணி சுருங்கிவிட்டது என்று கடைக்காரரிடம் போய் ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டு வந்தாள். வேறு கடையில் துணி எடுத்துத் தைத்த பேன்ட்டும் அதே மாதிரி ஏறியது. அந்த மனுஷன் மேல் தப்பில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

வீட்டில் அப்பா சிரித்தே சமாளித்தார். மகளுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்து, பரணில் கிடப்பதையெல்லாம் அவளை விட்டே எடுக்கச் சொன்னார்.

அம்மாவால் சிரிக்க முடியவில்லை. வயசுக்கு வந்து ரெண்டு மூணு வருஷத்தில் பெண்பிள்ளைக்கு வளர்த்தி நின்றுவிடும் என்று கேட்ட இடத்திலெல்லாம் சொன்னார்கள். இவளுக்கு மட்டும் ஏன் நிற்கவில்லை? பாலை நிறுத்திப் பார்த்தாள். முட்டையை நிறுத்திப் பார்த்தாள். பிள்ளை இளைத்ததுதான் மிச்சம். உள்ளே ஏதாவது பெரிய வியாதியாக இருந்துவிட்டால் என்ற பயம் வந்ததிலிருந்து அவளுக்கே சாப்பாடு இறங்கவில்லை.

டாக்டரம்மா படத்தைக் கீழே வைத்தார்.

"இது பதிமூணு வயசுப் பொண்ணோட எலும்பு மாதிரி இருக்கு. இன்னும் வளரும்."

எப்போது வயசுக்கு வந்தாய் என்று கேட்டார்.

மகளைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் அம்மாவிடமிருந்து வந்தது. பதினைந்து முடியப்போகிற நேரம், கொஞ்சம் தாமதம்தான், ஆனால் அதற்கப்புறம் ஒரு மாசம் தப்பியதில்லை, நாப்கின் வாங்கிக் கொடுப்பதே நான்தான் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

அப்படியென்றால் கணக்கு உதைக்கிறதே என்றார் டாக்டரம்மா. மகளிடம் தனியாகப் பேச வேண்டும், கொஞ்ச நேரம் வெளியே உட்காருங்கள் என்றார்.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. பெற்றவளுக்குத் தெரியாமல் பிள்ளையிடம் என்ன இருக்கிறது? ஏதோ கெட்ட வியாதி, அதைத் தன்னிடம் மறைக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தாள். நகர மாட்டேன் என்று நாற்காலிக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மகள் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"நான் இன்னும் வயசுக்கு வரவே இல்லம்மா. அப்போ நீ தினமும் கேட்டுக் கேட்டு அழுதே. தாங்க முடியாம ஒரு நாள் வந்துட்டேன்னு சொன்னேன். நீ அவ்வளவு சந்தோஷப்பட்டே. அப்புறம் எப்படிம்மா இல்லைன்னு சொல்றது?"

வாங்கிக் கொடுத்ததையெல்லாம் கூடப் படிக்கிற பெண்களுக்குக் கொடுத்துவிட்டதாகவும் மெதுவாகச் சொன்னாள்.

இதற்கு வைத்தியம் இருக்கிறது, ஆனால் நாலு வருஷம் முன்னாலேயே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்க வேண்டும் என்று டாக்டரம்மா ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவின் காதில் எதுவும் ஏறவில்லை.

அந்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மகளைக் கட்டிக்கொண்டு அழுதது, சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டது, ரொம்ப நாளைக்குப் பிறகு படுத்தவுடன் தூங்கிப்போனது.

அன்று மகளின் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள். என்ன முயன்றும் ஞாபகம் வரவில்லை.